ரொட்டி வேகும் நேரம்

பெயின்ட் கடையில் அவளைக் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு முழுக்க வர்ணம் பூசக் குத்தகை எடுத்த மேஸ்திரியானாலும் சரி, ஒரே ஒரு ஜன்னல் கம்பிக்குப் பச்சை தேடி வந்தவரானாலும் சரி, கடைக்குள் நுழைந்ததும் முதலாளியைத் தாண்டி எட்டிப் பார்த்து, கலர் அக்கா இருக்காங்களா என்றுதான் கேட்பார்கள். முதலாளிக்கு அதில் லேசான வருத்தம் உண்டு. வியாபாரம் நடக்கிறதே என்று மென்று விழுங்கிக்கொள்வார்.

நிறம் கலப்பது அவள் வேலை. சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு பொருக்கைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். கடையில் இருக்கிற கலர் கார்டில் எத்தனையோ நிறங்கள் இருந்தாலும் அவர்கள் கேட்கிற நிறம் மட்டும் இருக்காது. இயந்திரம் பாதி வேலையைச் செய்யும். மீதி அவள் கண் செய்ய வேண்டும். வெள்ளை பெயின்டில் மஞ்சள் ஒரு துளி, கறுப்பு அரைத் துளி என்று விட்டு, கலக்கி, குச்சியால் தொட்டு ஒரு அட்டையில் தடவி, அதன்மேல் மெல்ல ஊதுவாள். ஈரத்தில் தெரிகிற நிறம் வேறு, காய்ந்த பிறகு நிற்கிற நிறம் வேறு. காய்வதற்குமுன் எதுவும் சொல்லக்கூடாது. அதோடு, துளியைச் சேர்க்கலாமே தவிர எடுக்க முடியாது. ஒரு துளி கூடிப்போனால் டப்பாவே வீண்.

இந்த இரண்டு சட்டமும் அவள் ரத்தத்தில் ஊறியிருந்தன. அட்டை காய்கிறவரை சும்மாதானே நிற்க வேண்டும், அப்போது அவள் எங்கேயோ போய்விடுவாள். அந்தச் சுவர் எந்த அறையில் இருக்கும், ஜன்னல் எந்தப் பக்கம், காலை வெயில் சுவரில் ஏறும்போது அங்கே உட்கார்ந்து தலை வாரிக்கொள்வது யார் என்றெல்லாம் அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பாள். யாராவது கூப்பிட்டால் காதில் விழாது. அவள் திரும்பி வருவதற்கும் அட்டை காய்வதற்கும் சரியாக இருக்கும். இப்படியும் ஒரு பிழைப்பா என்று நாம் பொறாமைப்படலாம். தப்பில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெயின்ட் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அதற்குள் ஒரு நிறக்கூடம். கடையில் அவள் செய்வது, ஏற்கெனவே இருக்கிற நிறத்துக்கு ஜோடி பிடிப்பது. நிறக்கூடத்தில் செய்வது, இதுவரை இல்லாத நிறத்தைப் பிறக்க வைப்பது. பிறந்ததற்குப் பெயரும் அவர்களே வைப்பார்கள். கூடத்தின் மேலாளர் அம்மா ஒருமுறை கடைக்கு வந்தவர், அவள் யாருக்கோ கலந்து வைத்திருந்த ஒரு சாம்பல் நிறத்தை ஜன்னலோரம் எடுத்துப்போய் நெடுநேரம் பார்த்துவிட்டு, நீங்கள் எங்களிடம் வந்துவிடுங்களேன் என்றார். அன்று அவள் வீட்டுக்குப் போன வழி அவளுக்கே தெரியாது.

ஒரே ஒரு முடிச்சு இருந்தது. நிறக்கூடத்தில் ஒவ்வொரு கலவைக்கும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அறிக்கை எழுத வேண்டும், அடுத்த கலவை வருவதற்குள் எழுத வேண்டும். அதனால் உள்ளே போகிறவர்கள் ஒரு ஆங்கிலத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. கேட்பது, படிப்பது, பேசுவது எல்லாவற்றிலும் அவள் தேறிவிட்டாள். எழுத்தில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டாள். நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரை. அவளுக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. நாற்பது நிமிடம்தான் போதவில்லை. மேலாளர் அம்மா பொறுமைசாலிதான், ஆனால் நாற்காலியைக் காலியாகவே போட்டு வைக்க அவராலும் முடியாது. மூன்றாவது தடவையும் போனால் வேறு ஆளை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

முதல் தடவை நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தேர்வுக் கூடத்தில் எல்லோரும் குனிந்து பரபரவென்று எழுதிக்கொண்டிருக்க, இவள் ஒரு வாக்கியம் எழுதினாள், பேனாவை வைத்தாள், வாக்கியத்தின்மேல் ஊதினாள். காயட்டும் என்று காத்திருந்தாள். காய்ந்ததா என்று பார்த்தாள். ஒரு சொல் அரைத் துளி கூடுதலாகத் தெரிந்தது. அடித்துவிட்டு வேறு சொல் போட்டாள், மறுபடி ஊதினாள். கண்காணிப்பாளர் இரண்டு முறை அருகே வந்து, காகிதத்தில் ஏதாவது கொட்டிவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பேனா மையில் காய்வதற்கு என்ன இருக்கிறது? ஆனால் கை பழகிவிட்டது. நேரம் முடிந்தபோது அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாள். அந்த அரைப் பக்கம் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

இரண்டாம் தடவை இன்னும் மோசம். விண்வெளிக்கு ஆள் அனுப்புவது வீண் செலவா என்று கேட்டிருந்தார்கள். முதல் வாக்கியம் காய்கிற நேரத்தில் அவள் அங்கேயே போய்விட்டாள். அந்த இருட்டு எப்படிப்பட்ட கறுப்பாக இருக்கும், அதில் துளி நீலம் கலந்திருக்குமா, அல்லது நம் கறுப்பைவிட ஆழமான ஒரு கறுப்பு அங்கே இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டாம் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பயிற்சி வகுப்பு நடத்திய டீச்சர் அவளைவிட வயதில் சிறியவள், கெட்டிக்காரி. அவள் எழுதியதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அக்கா, உங்க முதல் பத்தியை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆனா முதல் பத்திக்கு மட்டும் யாரும் மார்க் போட மாட்டாங்க. சுமாரா இருந்தாலும் பரவால்ல, கடைசி வரிக்கு வந்து சேருங்க."

டீச்சர் சொன்ன யோசனைகள் எல்லாம் நல்ல யோசனைகள். முதலில் ஒரு ஓரத்தில் நாலு பத்திக்கும் நாலு சொல் குறித்துக்கொள்வது. சொல் கிடைக்காவிட்டால் கொஞ்சம் இடம் விட்டுவிட்டு மேலே போவது. எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வரி எழுதுவாள், கடிகாரத்தைப் பார்ப்பாள். கடிகாரத்தைப் பார்த்ததில் ஒரு வரி நேரம் போயிருக்கும். ஒருநாள் டீச்சர் அவளைச் சீண்டிப் பார்க்கலாம் என்று, இன்றைக்கு முப்பது நிமிடம்தான் என்று வகுப்பில் அறிவித்தாள். அன்று அவள் எழுதியது தேர்வு எண்ணும் தேதியும் மட்டும். நேரம் குறைவு என்று சொன்ன மாத்திரத்தில் உள்ளே எதுவோ கதவைச் சாத்திக்கொண்டுவிடுகிறது என்று வீட்டில் வந்து சொல்லி அழுதாள்.

வீட்டில் என்றால் கணவரிடம். அவர் ரொட்டிக்காரர். வீட்டின் முன்னறைதான் ரொட்டிக் கடை, பின்னறையில் அடுப்பு, நடுவே மாவு பிசைகிற நீள மேசை. மாடிப்படி ஏறினால் அவர்கள் தூங்குகிற ஒற்றை அறை. விரலை வாயில் வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர் என்று தெருவில் அவருக்குப் பெயர். பேச்சு குறைவு. அவள் அழுது முடிக்கும்வரை மாவு ஒட்டிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார். பிறகு நாற்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, மாடிக்குக் கொண்டுபோய்ப் போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

"நாளையிலிருந்து ரொட்டியை உள்ள வச்சதும் எழுத ஆரம்பி. ரொட்டி வெளிய வந்ததும் நிறுத்திடு. அவ்வளவுதான்," என்றார்.

"அது எவ்வளவு நேரம்ங்க?"

"அதுவும் நாற்பது நிமிஷம்தான். ஆனா அதைப் பத்தி உனக்கென்ன."

அப்படித்தான் ஆரம்பித்தது. விடிகாலையில், தெருவிளக்கு அணைந்து வீட்டு விளக்கு போடாத அந்தச் சிறு இடைவெளியில், அவர் ரொட்டி அச்சுகளை வரிசையாக அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார். கதவு சாத்துகிற சத்தம்தான் மணி. அவள் மாவு மேசையின் ஓரத்தில், காலாவதியான கலர் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்குவாள். அவளுக்கு அவர் முதுகுதான் தெரியும், மறுநாளைக்கான மாவை அளந்துகொண்டிருப்பார். இருவரும் பேச மாட்டார்கள்.

முதல் சில நாட்கள் பழைய கதைதான். எழுதினாள், ஊதினாள், காத்திருந்தாள். மேசையில் கிடந்த மாவு ஊதினதில் பறந்து அவள் மூக்கிலேயே ஏறித் தும்மல் வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிரிக்கிறார் என்பது மட்டும் தோள் குலுங்கியதில் தெரிந்தது. இன்னொரு நாள் அவள் எழுந்துபோய், ரொட்டி எப்படியிருக்கிறது என்று பார்க்க அடுப்புக் கதவில் கை வைத்தபோது மட்டும் அவர் வாய் திறந்தார். உள்ளே போனதைப் பாதியில் திறந்து பார்த்தால் அப்படியே அமுங்கிவிடும், அப்புறம் என்ன செய்தாலும் எழும்பாது என்றார். அவள் போய் உட்கார்ந்தாள். எழுதின வாக்கியத்தைத் திறந்து பார்க்கக் கை போகும்போதெல்லாம் அந்த அடுப்புக் கதவு கண்முன்னே வந்தது. ஊதுவது மெல்ல மெல்ல நின்றது.

பெயின்ட் கடையில் ஒருநாள் மேஸ்திரி ஒருவர் சுவருக்கு முதல் பூச்சு வாங்க வந்திருந்தார். முதல் பூச்சு என்பது வெளுப்பும் இல்லாமல் நிறமும் இல்லாமல் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அதைக் கலக்க அவளிடம் யாரும் வருவதில்லை, டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு போவார்கள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட முதல் பூச்சின் அழகைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லையே என்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது. அதன் வேலை சுவர் முழுக்கப் போய்ச் சேர்வது. மறுநாள் காலை அவள் நாலு பத்தியையும் கண்ணை மூடிக்கொண்டு பூசினாள். பரிதாபமாகத்தான் இருந்தது, ஆனால் சுவர் முழுக்க இருந்தது.

அதற்குப் பிறகு நேரத்தை அவள் மூக்காலேயே தெரிந்துகொண்டாள். அடுப்பு சாத்திய கொஞ்ச நேரத்துக்குப் புளித்த மாவின் வாசனை மட்டும் வரும், அதற்குள் ஓரத்துக் குறிப்பு முடிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு இனிப்பான வாசனை எழுந்து அறையை நிரப்பும், அப்போது இரண்டாம் பத்தியின் நடுவில் இருப்பாள். அந்த இனிப்புக்குள் லேசாக ஒரு கருகல் எட்டிப் பார்க்கும்போது மூன்றாம் பத்தியை விட்டு இறங்கியிருப்பாள். மேல்தோல் முறுகும் வாசனை வந்துவிட்டால் முடிவுரை. கனவு காண்பது நிற்கவில்லை. அதை நிறுத்துகிற மருந்து எந்த ஊரிலும் இல்லை. ஆனால் இப்போது கை எழுதிக்கொண்டே இருக்க, அவள் கட்டுரைக்குள்ளேயே நடந்துபோனாள். பூங்கா வேண்டுமா வண்டி நிறுத்த இடம் வேண்டுமா என்று கேட்டால், அந்தப் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபடியே எழுதினாள். சில நாட்களில் எழுதி முடித்த பிறகுதான் காலடியில் புல் இல்லை, சிதறிய மாவுதான் என்பது தெரியும்.

அந்த நாட்களில் அவளுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரொட்டியின் மேல்தோல் நிறம் மாறிக்கொண்டு வந்தது. ஆரம்பத்தில் அது தேன் நிறம். பிறகு ஒரு துளி சிவப்பு ஏறின தேன். பிறகு புதுச் செங்கல். ஒருநாள் அவள் ரொட்டியைக் கையிலெடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்து, "இன்னைக்கு அரைத் துளி கறுப்பு கூடியிருக்குங்க," என்றாள்.

"புது மாவு," என்றார் அவர்.

அவள் நம்பிவிட்டாள். நிறத்தில் யாரும் ஏமாற்ற முடியாத கண்தான். ஆனால் அன்று காலை எழுதின கட்டுரையிலிருந்து அவள் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை.

அவருடைய தங்கைக்கு அவ்வளவு சுலபத்தில் சமாதானம் ஆகவில்லை. நாத்தனார் இரண்டு வீடு தள்ளி இருந்தாள், தினமும் முதல் ரொட்டி அவளுக்குத்தான். ரொட்டியை நடுவில் அறுத்து, வெட்டுப்பட்ட பக்கத்தைக் காட்டிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, இது என்ன அண்ணி அநியாயம்? வெளிய பாத்தா கரி, உள்ள பாத்தா பச்ச மாவு. அண்ணா ரொட்டி சுடறாரா, எரிக்கிறாரா?" பின்னால் நின்ற இரண்டு மூன்று பேரும் ஆமோதித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பல்லுக்கும் வயிற்றுக்கும் இனிமேல் தனித்தனி வைத்தியர் தேட வேண்டும் என்றார். ரொட்டிக்காரர் எல்லோருக்கும் ஒரே பதிலாகப் புது மாவு, சரியாகிவிடும் என்று பூசி மெழுகினார். கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர், இத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றது அவளுக்கு வலித்தது. மாவை மாற்றிவிடுங்களேன் என்றாள். தேர்வு முடியட்டும் பார்க்கலாம் என்றார். மாவுக்கும் தேர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தேர்வு நாளும் வந்தது. அன்று காலை எழுத வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அவள் வெறுமனே மேசையோரம் உட்கார்ந்து, ரொட்டி வேகிற வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரொம்ப நாளாக மனதில் ஒரு நிறம் இருந்தது. அந்த நேரத்தில் மாவு மேசைமேல் விழுகிற வெளிச்சத்தின் நிறம்தான். வெள்ளை என்று சொல்ல முடியாது, நீலமும் இல்லை, உள்ளே எங்கேயோ ஒரு சூடு ஒளிந்திருக்கும். எந்தக் கலர் கார்டிலும் அது கிடையாது. என்றாவது ஒருநாள் நிறக்கூடத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை முழுவதும். இன்றைக்குக் கோட்டை விட்டால் அந்த நிறம் தினமும் காலையில் வந்து மேசைமேல் விழுந்துவிட்டு, யார் கையிலும் சிக்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

கிளம்பும்போது அவர் அவள் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டார்.

தேர்வுக் கூடத்தில் தரை துடைக்கிற மருந்தின் வாடைதான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் மூச்சை இழுத்துப் பார்த்தாள். இந்த வாடையில் ரொட்டியை எங்கே தேடுவது? எதிர்ச்சுவரில் வட்டமாக ஒரு கடிகாரம் பேய் முழி முழித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கமே பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். பெரிய கடைகள் வந்து சிறிய கடைகள் மூடப்படுகின்றன, இது நல்லதா கெட்டதா என்பது தலைப்பு. யாரோ பின்னால் கூடத்தின் கனமான கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அந்தச் சத்தம் போதுமாயிருந்தது. எங்கிருந்தோ புளித்த மாவின் வாசனை வந்தது. அவள் கை தானாக ஓரத்தில் நாலு சொல் குறித்தது. பிறகு அவள் ஒரு தெருவுக்குள் நடந்தாள், அதில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெரிய கடை, எதிரே முன்னறையை மட்டும் திறந்து வைத்த ஒரு ரொட்டிக் கடை. பெரிய கடையில் எல்லாம் கிடைத்தது, நேரமும் மிச்சமானது, அதை அவள் நேர்மையாக எழுதினாள். சின்னக் கடையில் ரொட்டி கருகிப்போனால் வாசலில் நின்று சண்டை போட முடிந்தது, அதையும் எழுதினாள். இனிப்பு வாசனை எழுந்து அறையை நிரப்பியது. ஒரு இடத்தில் சரியான சொல் வரவில்லை, இடம் விட்டாள். இன்னொரு இடத்திலும் விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, ஊதவில்லை. கருகல் எட்டிப் பார்த்தது, பத்தியை விட்டு இறங்கினாள். மேல்தோல் முறுகிற வாசனை மூக்கில் ஏறியபோது முடிவுரையில் இருந்தாள். கடைசிப் புள்ளியை வைத்து, ரொட்டி வெளியே வரட்டும் என்று காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் முதல்முறையாக நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். நின்றுபோன கடிகாரம் என்றுதான் முதலில் நினைத்தாள். உற்றுப் பார்த்தால் நொடி முள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தில் கால்வாசி அப்படியே மிச்சம் இருந்தது. வாழ்நாளில் எந்தக் கட்டுரைக்கும் அவளிடம் மிச்சமே இருந்ததில்லை. எங்கேயோ ஒரு பக்கத்தை விட்டுவிட்டோமோ என்று பயந்து புரட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது.

அப்போதுதான் அது அவள் கண்முன்னே வந்தது, கலர் கார்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிய பட்டைகளாக வரிசையாக வந்தது. தேன். ஒரு துளி சிவப்பு ஏறின தேன். புதுச் செங்கல். அரைத் துளி கறுப்பு. அதற்கடுத்த வாரம் இன்னொரு அரைத் துளி. எந்தப் புது மாவு வாராவாரம் இவ்வளவு ஒழுங்காக நிறம் ஏறும்? மாவு மாறவில்லை. அடுப்பின் சூடுதான் மாறியிருக்கிறது. ரொட்டியை அவர் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதல் தீயில் வைத்து, கொஞ்சம் முன்னதாக வெளியே எடுத்திருக்கிறார். நேரத்தைக் குறைக்கிறேன் என்று சொன்னால் அவள் கதவு சாத்திக்கொள்ளும் என்று, சொல்லாமலே குறைத்திருக்கிறார். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. நாத்தனார் நடுத்தெருவில் வைத்துக் கேட்டபோதும் புது மாவு என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றிருக்கிறார். வாய் பேசத் தெரியாத அந்த மனிதர் இத்தனை நாள் அவளிடம் பேசிய பேச்சு அதுதான். அவளுக்குக் கண் மங்கியது.

கை மட்டும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் அரைத் துளி கூடுதலாகத் தெரிந்தது. பேனா அதன்மேல் போய் நின்றது. இதை அடித்தால் அடுத்ததும் நிறம் மாறும், அதை அடித்தால் அதற்கடுத்தது, பிறகு முதல் பத்திக்கே போய்விடுவாள், மணி அடிக்கும்போது சுவர் பாதியில் நிற்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். இவ்வளவு ரொட்டியைக் கரியாக்கிச் சேர்த்துக் கொடுத்த நேரம் இது. இதைக்கொண்டு அடுப்பைத் திறந்து பார்ப்பதா? பேனாவை அங்கிருந்து விலக்கினாள். விட்டுவைத்த இரண்டு இடத்திலும் சாதாரணமான இரண்டு சொற்களைப் போட்டாள். பெயர்களுக்குப் பெரிய எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த நேரம் முழுவதும் எங்கே போக வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். மாவு மேசையின் ஓரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல், அச்சுகளைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"முடிச்சியா?"

"முடிச்சேன்."

"நேரம் பத்துச்சா?"

"பத்துச்சு."

அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சொன்னால் அவர் கூச்சத்தில் நெளிவார், தப்பிக்கப் புது மாவு என்று மறுபடியும் ஆரம்பிப்பார். அவர் இத்தனை நாள் வைத்திருந்ததை அவளும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முடிவு வந்தபோது அவள் கடையில் ஒரு அட்டைமேல் ஊதிக்கொண்டிருந்தாள். எழுத்தில் தேறியிருந்தாள். ஆகா ஓகோ என்று இல்லை, தேவைப்பட்டதைவிட ஒரு பிடி கூடுதல், அவ்வளவுதான். டீச்சர், முதல் பத்தி எப்படி வந்தது அக்கா என்று கேட்டதற்கு, ஃப்ரேம் போடுகிற மாதிரி இல்லை என்று பெருமையாகச் சொன்னாள். மேலாளர் அம்மா நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். பெயின்ட் கடை முதலாளி வாழ்த்திவிட்டு, இனிமேலாவது கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்பார்களா என்று சிரித்தார். சிரிப்பில் பாதி நிஜம். நாத்தனார் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கிய கையோடு, தேர்வுதான் முடிந்ததே, அந்தப் பாழாய்ப்போன மாவை இனிமேலாவது மாற்றச் சொல்லுங்கள் அண்ணி என்றாள்.

நிறக்கூடத்துக்குப் போகிற முதல் நாள் காலை. தெருவிளக்கு அணைந்திருந்தது, வீட்டு விளக்கு இன்னும் போடவில்லை. மேசைமேல் அந்த வெளிச்சம் விழுந்திருந்தது. அவள் கையில் காகிதம் இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் மேசையின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். அவரும் பழக்கதோஷத்தில் அச்சுகளை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, அடுப்பின் திருகைக் கடைசிவரை திருப்பிவிட்டு, மாவை அளக்கப் போனார்.

அவள் எழுந்து போனாள். திருகில் கை வைத்து, அதைப் பின்னால் திருப்பினாள். பழைய இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும், வருடக்கணக்கில் அவர் விரல் பட்டுப் பட்டு அங்கே மட்டும் பெயின்ட் தேய்ந்திருந்தது. அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

மாவு அளக்கிற படி அவர் கையில் அப்படியே நின்றது. திரும்பி அவளைப் பார்த்தார். புது மாவு என்று சொல்ல வாய் எடுத்தவர், சொல்லவில்லை.

"பொறுமையா வேகட்டும்ங்க," என்றாள் அவள். "இன்னும் நேரம் இருக்கு."